எலுமிச்சைக் கட்டை

கண்ணாடியில் கையை வைக்காதீர்கள். ரேகை விழும். துடைக்கிறவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். ஒரே ஒரு ஆளை மட்டும் நான் ஒன்றும் சொல்வதில்லை. அவன் வந்தால் பத்து விரலையும் விரித்து வைப்பான். வைத்துவிட்டுப் போகட்டும். அவன் கதை பிறகு. நீங்கள் கையை எடுங்கள்.

இந்தப் பக்கம் வந்து நில்லுங்கள். இப்படி. பொருள் நன்றாகத் தெரியும். நாற்காலியை நகர்த்தச் சொல்லாதீர்கள். அது அங்கேதான் இருக்கும். பெட்டியின் அந்த மூலையில் பார்க்க ஒன்றுமில்லை.

என்ன தெரிகிறது? இரண்டு கட்டை. ஒரு முனையில் தோல்வாரால் சேர்த்துக் கட்டியிருக்கிறது. அவ்வளவுதான். இதன் பெயர் கிட்டி. வெள்ளைக்காரன் காலத்தில் தீர்வை, அதாவது நிலவரி, கட்டாதவன் விரலை இதற்குள் கொடுத்து நெருக்குவார்கள். கட்டுகிறேன் என்று அவன் வாயால் வரும்வரை நெருக்குவார்கள். அட்டையில் இருக்கிறது, வாசியுங்கள். மேலே இருப்பது போதும். குனிய வேண்டாம். கடைசி வரி உங்களுக்குத் தேவையில்லை.

நான் தில்லைநாயகம். இந்த மியூசியத்தில் உதவிக் காப்பாட்சியராக இருந்தேன். ஓய்வு பெற்றாயிற்று. தினமும் வருகிறேன். வீட்டில் ஃபேன் சரியில்லை, இங்கே காற்று நன்றாக வரும். வேறு காரணம் ஒன்றும் இல்லை. வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்குகிறானே காவலாள், கொம்பையா, அவன் சொல்வான்: "காப்பாட்சியர் நாற்காலிதான் கிடைக்கல, இந்த நாற்காலியாவது நிலைச்சிருச்சில்லா சார்." வாய்க்கொழுப்பு. நான் வேலையில் இருந்தபோது என் முன்னால் நிமிர்ந்து நிற்க மாட்டான்.

ஆனால் இன்றைக்கு நான் காற்றுக்காக உட்கார்ந்திருக்கவில்லை. இன்றைக்கு இந்த அட்டையை மாற்றுகிறார்கள். புது அட்டை, பெரிய எழுத்து. பெட்டிக்குள் விளக்கும் போட்டாயிற்று, பார்த்தீர்கள் அல்லவா, கண்ணைக் கூசுகிறது. கொடுத்தவர் பெயர் தனிப் பட்டையாக வந்திருக்கிறது. மாட்டலாம். மாட்டாமலும் விடலாம். வேறு மாதிரி எழுதித் தந்தால் இரண்டு நாளில் அடித்தும் கொடுத்துவிடுவார்கள். எதைச் செய்வது என்று நான் சொல்ல வேண்டும். புதிதாக வந்திருக்கிற உதவிக் காப்பாட்சியர், ஜெசிந்தா என்று ஒரு பெண், என் பதிலுக்குத்தான் காத்திருக்கிறாள். ஸ்க்ரூடிரைவர் தேடப் போயிருக்கிறாள். இங்கே ஸ்க்ரூடிரைவர் அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. உட்காருங்கள். அந்தத் திண்டில் உட்காருங்கள், அது பழம்பொருள் இல்லை.

உதவிக் காப்பாட்சியர் என்றால் என்ன நினைக்கிறீர்கள்? காப்பாட்சியருக்கு உதவி செய்கிறவன் என்றா? காப்பாட்சியர் இருந்தால்தானே உதவி. என் காலத்தில் இருந்தவருக்குப் பக்கத்து மாவட்டமும் பொறுப்பு. மாதத்தில் ஒருநாள் வருவார். கையெழுத்துப் போடுவார். வாசலில் பாடம் செய்த முதலை இருக்கிறதே, அதன் முன்னால் நின்று, "வால்ல பூச்சி அரிக்குதே தில்லை" என்பார். பஸ் ஏறிவிடுவார். பூச்சிக்கு மருந்து வைப்பது நான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் முதுமக்கள் தாழியைக் காட்டித் தொண்டை கட்டுவது நான். கிணறு வெட்டும்போது சிலை கிடைத்தது என்று தகவல் வந்தால் ஓடுவது நான். எங்கள் சாமியை விடமாட்டோம் என்று பெண்கள் தலையை விரித்துப் போட்டு ஆடினால் எதிரே நிற்பதும் நான். பொருளை வாங்கி, தூசி தட்டி, எண் போட்டு, அட்டை எழுதி உள்ளே வைப்பது வரை எல்லாம் நான். பெரிய அதிகாரி வந்தால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது மட்டும் அவர்.

அட்டை எழுதுவது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். நாலு வரிக்குள் முடிக்க வேண்டும். அரிய, மிகப் பழமையான, வியத்தகு, இதெல்லாம் என் அட்டையில் கிடையாது. சந்தேகம் இருந்தால் எழுத மாட்டேன். எழுதினால் சந்தேகம் இருக்காது. நான் எழுதினதில் ஒரு பிழை காட்டுங்கள். இன்றுவரை யாரும் காட்டியதில்லை.

கடைசியில் கொடுத்தவர் பெயரும் ஊரும் வரும். அது வழக்கம். நல்ல வழக்கம். உன் பெயர் கண்ணாடிக்குள் இருக்கும், உன் பேரப்பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள் என்றால்தான் பரண்மேல் கிடப்பது கீழே இறங்கும். எங்களிடம் பணமா இருக்கிறது? இந்த ஒரு வரிதான் இருக்கிறது.

நான் வேலையில் இருந்தபோது ஒரு வருஷம் மக்கள் புழங்கிய பொருள்களுக்கு ஒரு கூடம் வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இந்தக் கூடம்தான். வீடு வீடாக அலைந்தேன். உலக்கை கொடுத்தார்கள். மரக்கால் கொடுத்தார்கள். அஞ்சறைப் பெட்டி கொடுத்தார்கள். எல்லா ஊர் மியூசியத்திலும் இருப்பதுதான். இதைப் பார்க்க எவன் வருவான்? அலுத்துப்போய்க் கீழமும்மடை என்ற ஊருக்கு ஒருநாள் போனேன். சித்திரை மாதம். வெயில் மண்டையைப் பிளந்தது.

மணியக்காரர் வீடு என்று கேட்டால் அங்கே சின்னப் பிள்ளையும் காட்டும். மணியம் எல்லாம் எப்போதோ போய்விட்டது. வீட்டுப் பெயர் மட்டும் நிற்கிறது. அப்போது அந்த வீட்டில் ஆவுடையப்பன் என்று ஒருவர். கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட மூத்தவர். நல்ல மனுஷர். நல்ல மனுஷர் என்று நானே சொல்கிறேன், பாருங்கள். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

"இந்த வெயில்ல வந்திருக்கீங்களே தம்பி" என்றவர், உள்ளே திரும்பி, "ஏட்டி பிரமு, தம்பிக்கு ஒரு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொண்டா" என்றார்.

அவர் மனைவி பிரமு ஆச்சி அடுப்படி வாசலில் உட்கார்ந்து பிழிந்தது எனக்கு நேரே தெரிந்தது. பாதிப் பழத்தை இரண்டு கட்டைக்கு நடுவே வைத்து நெருக்குகிறார்கள். சாறு முக்கால்வாசி கையில் வழிகிறது. நான் கட்டையைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். எலுமிச்சை பிழிகிற கட்டைக்கு உள்ளே ஒரு குழி இருக்கும், சாறு இறங்கத் துளை இருக்கும். இதில் இரண்டும் இல்லை. குறுக்கே வரி வரியாக வெட்டு. விரல் நழுவாமல் இருப்பதற்கு.

"அது என்ன அண்ணாச்சி, உள்ள வெட்டு வெட்டா இருக்கு?" என்று கேட்டேன்.

"விதை தங்குறதுக்குய்யா. அந்தக் காலத்து ஆசாரி எப்படி யோசிச்சுச் செஞ்சிருக்கான் பாருங்க."

தம்ளர் வந்தது. குடித்தேன். வெயில் அப்படி. முழுசும் குடித்தேன். சர்க்கரையோடு ஒரு கல் உப்பும் போட்டிருந்தார்கள்.

அவரே பேச்சை எடுத்தார். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போகிறவர்களுக்கு அவர் வீட்டு வாசலில் பானகப் பந்தல் உண்டாம். தாத்தா காலத்தில் இருந்து விடாமல் நடக்கிறதாம். ஊரே குடிக்குமாம். அதற்கு எலுமிச்சை பிழிவது இந்தக் கட்டையில்தான். "எங்க வீட்டுத் தர்மமே இதுலதான் தம்பி ஓடுது" என்றார்.

"இதை மியூசியத்துக்குக் குடுங்களேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "எலுமிச்சைக் கட்டையையா? கேக்குறவன் சிரிக்க மாட்டானா? வெங்கலக் குத்துவிளக்கு ஒண்ணு கிடக்கு, ஆள் உயரம். அதைத் தாரேன், கொண்டு போங்க."

"குத்துவிளக்கு எல்லார் வீட்டுலயும் இருக்கு அண்ணாச்சி. இது தர்மம் செஞ்ச பொருள். உங்க பேரு கீழ வரும். நாலு பேரு பாப்பாங்க."

வேறு எப்படிக் கேட்பது, நீங்களே சொல்லுங்கள். அண்ணாச்சி, உங்கள் பூட்டன் இதில் ஊரான் விரலை ஒடித்தான், எடுத்துக் கொடுங்கள் என்றா கேட்பது? கொடுப்பாரா? அன்றைக்கே அடுப்பில் வைத்திருப்பார். பொருள் போயிருக்கும். இன்றைக்கு நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்? உலக்கையையா? பொருளைக் காப்பாற்றுவது என் வேலை. அதைச் செய்தேன்.

அவர் முகம் மலர்ந்துபோனது. பிரமு ஆச்சி, "இருங்க, அழுக்கா இருக்கு, கழுவித் தாரேன்" என்று புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, குத்துவிளக்கைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தார்கள். மரத்தைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. அதைச் சொன்னேன். அதை மட்டும் சொன்னேன்.

என்ன கேட்டீர்கள்? ஏன் அங்கேயே சொல்லவில்லை என்றா? அதற்குத்தானே பதில் சொன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டால் எப்படி?

தை மாதம் இந்தக் கூடத்தைத் திறந்தோம். "ஊர்க்காரங்களையும் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி" என்று நான்தான் தகவல் சொல்லி அனுப்பினேன். திறப்புவிழாவுக்குக் கூட்டம் வேண்டும். எல்லாத் திறப்புவிழாவுக்கும் வேண்டும். அவர் ஒரு வேன் பிடித்து ஊரில் பாதியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். புது வேட்டி, தோளில் துண்டு. பிரமு ஆச்சி பட்டுச்சேலை. கல்யாணத்துக்கு வந்ததுபோல இருந்தது. அட்டையை அவரிடம் முன்னாலேயே காட்டியிருக்கலாமே என்று பிறகு சிலர் கேட்டார்கள். அட்டையை முன்கூட்டிக் காட்டும் வழக்கம் இங்கே இல்லை. யாருக்கும் காட்டியதில்லை. அவருக்கு மட்டும் ஏன் காட்ட வேண்டும்?

அவர் நேரே இந்தப் பெட்டி முன்னால் வந்து நின்றார். மேல்சட்டைப் பையைத் தடவினார். மூக்குக்கண்ணாடியை வேனிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். பின்னால் திரும்பி, "ஏலே பேச்சிமுத்து, நீ வாசிலே. சத்தமா வாசி. எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார்.

பேச்சிமுத்து யார் என்று சொல்ல வேண்டும். கொத்தனார். வருஷா வருஷம் பானகப் பந்தலுக்குக் கம்பு நடுகிறவன் அவன்தான். ஊரில் அவன் வீட்டுக்கு முடக்குவிரலார் வீடு என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் ஒருவருக்கும் விரல் முடங்கி இல்லை. நெட்டைக்கால் வீடு, பூனைக்கண்ணு வீடு என்று ஊரில் இருக்கும் அல்லவா, அதுபோல என்று விட்டுவிட்டார்கள்.

அவன் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். வாசித்தான்.

"கிட்டி. விரல்களை இடையில் வைத்து நெருக்கும் தண்டனைக் கருவி. நிலத்தீர்வை செலுத்தாத குடியானவர்களிடம் தீர்வை வசூலிக்கக் கிராம மணியக்காரர்களால் பயன்படுத்தப்பட்டது. அன்பளிப்பு: திரு. ஆவுடையப்பன், மணியக்காரர் வீடு, கீழமும்மடை."

இதுதான் நான் எழுதியது. எது தப்பு? மணியக்காரர் வீடு என்று ஏன் போட்டாய் என்று கேட்டார்கள். அது விலாசம். விலாசம் எழுத வேண்டாமா? தபால்காரன் அப்படிச் சொன்னால்தானே அந்த வீட்டுக்குப் போகிறான்?

கூட்டத்தில் ஒரு கிழவி மட்டும், "அப்ப முடக்குவிரலாருன்னு சொல்றது..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. பேச்சிமுத்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆவுடையப்பன் அண்ணாச்சி இன்னும் சிரித்த முகமாகவே நின்றுகொண்டிருந்தார். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அதற்குள் வந்திருந்த பெரிய அதிகாரி கைதட்டிவிட்டார். "வெரி குட் லேபிள்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். காப்பாட்சியர் முந்திக்கொண்டு நன்றி சொன்னார்.

அந்த ஒரு அட்டைக்கே என்னைக் காப்பாட்சியர் ஆக்கியிருக்க வேண்டும். ஆக்கவில்லை. கடைசிவரை உதவிதான். அதை விடுங்கள்.

வந்த வேனிலேயேதான் எல்லாரும் திரும்பிப் போனார்கள். வேறு வண்டி கிடையாது. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பேசினார்களா என்றும் தெரியாது. அண்ணாச்சி கொண்டுவந்த மாலை இந்தப் பெட்டிமேல் கிடந்தது. கொம்பையா எடுத்து முதலைக்குப் போட்டுவிட்டான்.

என்ன, பாட்டிலை நீட்டுகிறீர்கள்? உள்ளே தின்பண்டம் கூடாது. தண்ணீரா? லெமனா? வேண்டாம். எனக்கு எலுமிச்சை சேராது. வயிற்றில் புண். டாக்டர் சொல்லவில்லை, எனக்கே தெரியும். அந்த வருஷத்தில் இருந்தே சேரவில்லை. கொம்பையாவுக்கு இது தெரிந்தும் கோடையில் நன்னாரி சர்பத் வாங்கிவந்து நீட்டுவான். எலுமிச்சை பிழியாத சர்பத் எங்கே இருக்கிறது? குசும்பு.

பங்குனி உத்திரத்தில் நடந்ததும் அவன் சொல்லித்தான் தெரியும். அவன் பெண் எடுத்தது கீழமும்மடைப் பக்கம். பந்தல் போட்டார்களாம். கம்பு நட்டது வேறு யாரோ. அண்ணாச்சியும் ஆச்சியும் விடியற்காலையில் இருந்து கையாலேயே எலுமிச்சை பிழிந்திருக்கிறார்கள். பெரிய பித்தளைப் பானை. ஏலக்காய் வாசம் தெருமுனை வரைக்கும் வந்ததாம். ஜனம் எப்போதும்போல் அந்த வழியாகத்தான் கோயிலுக்குப் போனது.

"யாரும் சண்டை போடல சார்" என்றான் கொம்பையா. "ஒரு ஏச்சுப் பேச்சு கிடையாது. ஆச்சி தம்ளரை நீட்டுதாவ. தாகமில்ல ஆச்சி, இப்பதான் குடிச்சேன் ஆச்சின்னு சொல்லிக்கிட்டே போயிட்டாங்க. சின்னப் பிள்ளை ஒண்ணு கை நீட்டிச்சு. அதும் அம்மைக்காரி கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டா."

சாயங்காலம் பானையைத் தென்னை மரத்து மூட்டில் கவிழ்த்துக் கொட்டினார்களாம். மறுவருஷம் பந்தல் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

இதற்கு நான் என்ன செய்வேன்? குடிக்காதே என்று நானா சொன்னேன்? கட்டை இங்கே பெட்டிக்குள் இருக்கிறது. அவர்கள் பிழிந்தது கையால். நல்ல பானகம். குடிக்காமல் போனது ஊர்க்காரன் தப்பு. என் அட்டையில் பானகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா, காட்டுங்கள்.

அந்த உத்திரம் முடிந்து சில நாளில் அண்ணாச்சி வந்தார். தனியாக வந்தார். முகம் சவரம் செய்யவில்லை. என் மேஜை முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, பொருள் இங்கயே இருக்கட்டும். பேரை மட்டும் எடுத்துருங்க" என்றார்.

"எடுக்க முடியாது அண்ணாச்சி. விதி."

"நான் குடுத்ததுதான? எனக்கு வேண்டாம்னா எடுக்கக் கூடாதா?"

"குடுத்தாச்சு. இப்ப அது அரசாங்கச் சொத்து. பேரும் சேத்துத்தான்."

அப்படி ஒரு விதி உண்டா என்று கேட்கிறீர்களா? கொடுத்தவர் பெயர் போட வேண்டும் என்று உண்டு. எடுக்கக் கூடாது என்று... எடுக்கலாம் என்றும் எங்கேயும் எழுதவில்லை. ஒருவருக்கு எடுத்தால் இன்னொருவர் வருவார். அட்டையில் கை வைத்தால் மேலே கேட்பார்கள். அப்போது காப்பாட்சியர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. நல்ல அட்டை என்று அதிகாரி சொன்ன அட்டை அது. அதில் அடித்தல் திருத்தல் வேண்டாம் என்று நினைத்தேன். யார்தான் நினைக்க மாட்டார்கள்?

அவர் போகவில்லை. பிறகு கேட்டார்: "அன்னைக்கு எங்க வீட்டுல சாறு குடிச்சீங்கல்லா. குடிக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நேரம். நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

பேச்சிமுத்துதான் இங்கே வருகிறவன். கண்ணாடியில் பத்து விரலையும் வைப்பான் என்றேனே, அவன். டவுனில் வேலை இருந்தால் வருவான். வந்தால் ஐந்து நிமிஷம் விரலை விரித்து வைத்துக்கொண்டு நிற்பான். அழமாட்டான், ஒன்றும் இல்லை. அவன் பிள்ளைகளையும் ஒருமுறை கூட்டிவந்து வைக்கச் சொன்னான். எல்லா விரலும் நேராகத்தான் இருக்கிறது. அவன் போன பிறகு நானே துடைத்துவிடுவேன். கொம்பையாவைக் கூப்பிடுவதில்லை. ஒருநாள் அவனிடம் கேட்டேன், "ஆவுடையப்பன் அண்ணாச்சி எப்படி இருக்கார்?" என்று. "இருக்காரு" என்றான். அதோடு சரி.

இத்தனை வருஷமும் பிரச்சினை இல்லை. கூடம் இருட்டு. எழுத்துச் சின்னது. என் நாற்காலி இங்கே. யார் குனிந்து கடைசி வரியை வாசிக்கப் போகிறார்கள்? இப்போதுதான் இந்தப் பெண் வந்து விளக்கு போட்டு, பெரிய எழுத்தில் அடித்துக் கொண்டுவந்திருக்கிறாள். வாசலில் இருந்தே வாசிக்கலாம் போல. "உங்க வாசகத்துல ஒரு எழுத்து மாத்தல ஐயா. இவ்வளவு சுத்தமா யாரும் எழுதல" என்றாள். சந்தோஷப்பட வேண்டியது. நான், "பேரை விட்டுரும்மா" என்றேன். ஏன் என்று கேட்டாள். வயசான மனுஷர், எதற்கு என்றேன். யோசித்தாள். "அவர் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் ஐயா, எடுத்திடுறேன். இதுல என்ன இருக்கு? நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க. என்ன சொல்றாரோ அதையே செஞ்சிடலாம்" என்றாள்.

பாருங்கள். இதில் என்ன இருக்கு என்கிறாள். எவ்வளவு லேசாகச் சொல்கிறாள்.

போன வாரம் போனேன். வருஷங்கள் கழித்து அந்த ஊருக்கு. வெயில் மட்டும் அதே வெயில். பிரமு ஆச்சி இல்லை, காலமாகிவிட்டார்கள். எனக்குத் தகவல் இல்லை. யார் சொல்வார்கள்? அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். வற்றிப்போயிருந்தார். ஆனால் அடையாளம் கண்டுகொண்டார். மருமகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வெறும் தண்ணீர். நான் ஒன்றும் எதிர்பார்த்துப் போகவில்லை. தண்ணீரே போதும்.

"அண்ணாச்சி, உங்க பேரை எடுத்திடலாம். எடுக்குறதுக்கு இப்ப வழி இருக்கு. சரின்னு சொல்லுங்க, போதும்" என்றேன்.

கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தார். பிறகு, "பேரு இருக்கட்டும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "அன்னைக்கு எடுக்கச் சொன்னீங்களே."

"அன்னைக்குச் சொன்னேன். எடுத்தா, அது எவன் வீட்டுக் கட்டைன்னு பேச்சிமுத்து பிள்ளைகளுக்குத் தெரியாமப் போயிரும்லா. அவன் வீட்டுக்கு முடக்குவிரலார்னு பேரு வச்சு இத்தனை காலமா கூப்பிட்டோம். எங்க வீட்டுப் பேரும் கிடக்கட்டும். அது சரிதான்."

நான் எழுந்தேன். காரியம் முடிந்ததே. அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"ஆனா நீங்க பாதிதான் எழுதியிருக்கீங்க தம்பி. மீதியையும் எழுதுங்க. ஆவுடையப்பன் தெரியாமக் குடுத்தான். மியூசியம் தெரிஞ்சு வாங்கிச்சு. இந்த ரெண்டையும் கீழ போடுங்க. முழுசாயிரும்."

அப்படி ஒரு வரி எந்த மியூசியத்திலும் கிடையாது. நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? தெரிந்து வாங்கியது என்று போட்டால், யார் வாங்கினார் என்று கேட்க மாட்டார்களா? என் பெயர் அட்டையில் வருகிற வழக்கம் இல்லை. ஒருநாளும் வந்ததில்லை. அதெல்லாம் அவரிடம் விளக்க முடியாது. சரி அண்ணாச்சி என்றேன். சரி என்றால் செய்கிறேன் என்று அர்த்தமா? வயசானவர் மனசு நோகக் கூடாதே என்று சொன்னது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கொஞ்சம் இருங்கள். அவள் வருகிறாள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம்.

வாம்மா. கிடைச்சுதா ஸ்க்ரூடிரைவர்? கிடைக்காதுன்னுல்ல நினைச்சேன்.

ஆமாம்மா, போனேன். பார்த்தேன். நல்லா இருக்கார். படுக்கையில இருக்கார், ஆனா நினைவு தெளிவு.

ம்? கேட்டேன். கேக்காம வருவேனா?

பேரு இருக்கட்டும்னு சொன்னார்.

ஆமா. அவர் வாயாலதான். பேரு இருக்கட்டும்னார்.

வேறயா?

வேற ஒண்ணும் இல்லம்மா. நீ மாட்டு.

இவர் சும்மா பார்க்க வந்தவர். பேசிக்கிட்டு இருந்தோம். நாற்காலியை எடுக்கணுமா? எடுத்துக்கோ. அந்த ஓரமாப் போடு.

கையையா? எந்தக் கையை? ஓ. கண்ணாடியில வச்சிட்டேனா. ரேகை விழும், ஆமா. எடுத்துட்டேன், எடுத்துட்டேன். நீ மாட்டு.

நீங்கள் எதற்கு என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? அவர் சொன்னதைத்தானே சொன்னேன். பெயர் இருக்கட்டும் என்றாரா இல்லையா? நான் சொன்னதில் ஒரு பிழை காட்டுங்கள்.